ஈசிஜி நார்மல், அப்புறம் ஏன் உட்கார வைத்தார்கள்?

டாக்டரம்மா பதில்கள்

போன இதழில் நெஞ்சு வலியைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜை கொள்ளவில்லை. மூட்டு வலி, முடி உதிர்தல் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறை அடுத்த இதழில் வரும். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல விட்டிருக்கிறேன்.

எங்களுக்குத் தறித் தொழில். என் வீட்டுக்காரருக்கு 52 வயது. போன மாதம் ஒரு ராத்திரி புரோட்டா சாப்பிட்டு வந்து படுத்தவர், 11 மணி வாக்கில் "நெஞ்சைப் பிசையுது" என்று எழுந்து உட்கார்ந்தார். சோடா குடித்தும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டோம். ஈசிஜி நார்மல் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், அதுவும் நார்மல். அப்படியும் வீட்டுக்கு விடாமல் மூன்று மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஈசிஜி, மறுபடி ரத்தம். எல்லாமே நார்மல் என்றால் எதற்கு இரண்டு தடவை? பில் ஏற்றத்தானே? அவருக்குச் சர்க்கரை உண்டு, பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். கிளம்பும்போது டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள், அவர் போகவில்லை. மாமனார் 50 வயதில் நெஞ்சடைத்துப் போனவர், அந்தப் பயம் எனக்கு.
(ஒரு வாசகி, செல்லூர்)

பில்லைக் கண்ணால் பார்க்காமல் அதைப் பற்றி நான் பேச மாட்டேன் அம்மா. அந்த மூன்று மணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறேன். என்னைக் கேட்டால், அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த உருப்படியான வைத்தியமே அதுதான்.

ஈசிஜி என்பது 10 விநாடி நேரத்து மின்னோட்டத்தின் பதிவு. ரத்தக்குழாய் முழுசாக அடைத்து, இதயச் சுவரின் ஒரு பகுதி ரத்தமில்லாமல் தவிக்கிறபோது காகிதத்தில் கோடு தூக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தால் யாரும் உட்கார வைக்க மாட்டார்கள், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்துவிட வேண்டும் என்று விதி இருப்பது இதற்காகத்தான். ஆனால் அடைப்பு பாதியாக இருந்தாலோ, விட்டு விட்டு அடைத்துத் திறந்தாலோ, அந்த 10 விநாடியில் கோடு சமர்த்தாக ஓடும். நீங்கள் தறி வைத்திருப்பவர். ஓடுகிற தறியைப் பத்து விநாடி பார்த்துவிட்டு, பாவில் எந்த இழை நைந்திருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

ரத்தத்தில் அவர்கள் தேடியது ட்ரோபோனின். இதயத் தசைக்குள் இருக்கிற ஒரு புரதம் அது. தசை சேதப்பட்டால்தான் வெளியே கசியும், கசிந்து ரத்தத்தில் தெரிகிற அளவுக்குச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு வலி வந்தது 11 மணிக்கு, ரத்தம் எடுத்தது 12 மணியை ஒட்டி. அவருக்கு நிஜமாகவே மாரடைப்பு வந்திருந்தாலும் முதல் ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாமல் போயிருக்கலாம். புது வகை நுண்ணுணர்வுப் பரிசோதனை உள்ள இடங்களில் 1 மணி அல்லது 2 மணி நேரத்தில் இரண்டாவது ரத்தம் எடுப்பார்கள். பழைய வகை என்றால் 3 முதல் 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது முறையும் ஏறவில்லை என்றால்தான் முதல் 'நார்மல்' என்ற பேச்சுக்கே மதிப்பு.

இதற்கு நடுவில் டியூட்டி டாக்டர் ஒரு கூட்டல் கணக்கும் போட்டிருப்பார். ஹார்ட் ஸ்கோர் என்று பெயர். நெதர்லாந்து டாக்டர்கள் 2008-ல் வெளியிட்டது, இப்போது உலகம் முழுக்க எமர்ஜென்சி வார்டுகளில் ஓடுகிறது. ஐந்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். வலியின் கதை, ஈசிஜி, வயது, ஏற்கெனவே உள்ள ஆபத்துகள், ட்ரோபோனின். பத்துக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்க்கிறேன்.

"பிசையுது" என்பது சந்தேகத்துக்குரிய வார்த்தை. ஆனால் சாப்பிட்டுப் படுத்த பிறகு வந்திருக்கிறது, கை தாடைக்குப் பரவியதாகவோ வியர்த்ததாகவோ நீங்கள் எழுதவில்லை. 1 மார்க். ஈசிஜி 0. வயது 45-க்குக் கீழே 0, 65-க்கு மேலே 2, அவர் நடுவில் இருப்பதால் 1. ட்ரோபோனின் 0. மிச்சம் ஆபத்துகள். சர்க்கரை, பிரஷர் என்று இரண்டு மட்டும் இருந்தால் 1 மார்க், மொத்தம் 3. அது 'குறைந்த ஆபத்து' வரிசை. ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் மாமனாரை எழுதியிருக்கிறீர்களே! அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இளவயதில் இதய நோய் என்றால் அது மூன்றாவது ஆபத்து. மூன்று சேர்ந்தால் 2 மார்க். மொத்தம் 4, 'நடுத்தர ஆபத்து'. ஒரே மனிதர், ஒரே ராத்திரி, ஒரு வாக்கியத்தில் வரிசை மாறிப்போகிறது. மாமனார் விஷயத்தை அன்றைக்கு அங்கே யாரிடமாவது சொன்னீர்களா? டிரெட்மில் எடுக்கச் சொல்லியிருப்பதைப் பார்த்தால் சொல்லியிருப்பீர்கள் போலத்தான் தெரிகிறது.

அந்த ஒரு மார்க்குக்கு என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். நெதர்லாந்தில் 10 ஆஸ்பத்திரிகளில் 2,440 பேரைப் பின்தொடர்ந்து 2013-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அடுத்த ஆறு வாரத்துக்குள் மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ், மரணம் என்று ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் 0 முதல் 3 வரை வாங்கியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. 4 முதல் 6 வரை வாங்கியவர்களில் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பேர். 7-ம் அதற்கு மேலும் வாங்கியவர்களில் பாதிப் பேர். கவனியுங்கள், குறைந்த ஆபத்து வரிசையிலும் பூஜ்யம் கிடையாது. நெஞ்சு வலியோடு வந்த யாருக்கும் 'உனக்கு ஒன்றுமே வராது' என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இது ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட கணக்கு. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், நம் தெற்காசியாக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு வருகிற நடு வயது 53 என்று தெரிந்தது, மற்ற நாட்டவருக்கு 59. அதனால் வயசுக்கு 0 மார்க் போடுகிறபோது இங்கே இருக்கிற டாக்டர்கள் கொஞ்சம் கை கூசித்தான் போடுவோம். 40 வயசு ஆள் பீடியும் சர்க்கரையுமாக வந்து நின்றால், ஸ்கோர் என்ன சொன்னாலும் நான் சீக்கிரம் அனுப்ப மாட்டேன்.

வீட்டுக்காரரை இந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள். டிரெட்மில்லோ, எக்கோவோ, வேறு எதுவோ, எது பொருத்தம் என்று இதய டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நடுவில் மறுபடி வலி வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சிக்கு. "நார்மல்தானே" என்று அவர் மறுபடி ஆரம்பித்தால், மேலே போட்ட கூட்டலை வாசித்துக் காட்டுங்கள்.

பலமாக இருமினால் மாரடைப்பை நிறுத்திவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
(ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்)

நிறுத்தாது. இருமுகிற நேரத்தில் 108-க்குப் போன் போடுங்கள். அந்த மெசேஜை அனுப்பியவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

எது வாயு, எது ஹார்ட் அட்டாக் என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுங்கள் டாக்டர். எங்கள் வீட்டில் யாருக்கு நெஞ்சு பிடித்தாலும் ஆத்தா ஓமத் தண்ணி கொடுத்து முதுகை நீவிவிடுவார்கள், ஏப்பம் வந்ததும் சரியாகிவிடும்.
(ஒரு வாசகர், அலங்காநல்லூர்)

கல்லூரியில் படிக்கும்போது எங்களுக்கும் இந்த ஆசை இருந்தது தம்பி. அப்படி ஒரு வழி இல்லை. இருந்தால் எமர்ஜென்சியில் இவ்வளவு மிஷின் எதற்கு?

ஆனால் வலியின் கதைக்கு எடை உண்டு, அதைச் சொல்கிறேன். நோயாளியிடம் "எங்கே வலிக்குது?" என்று கேட்டால் நான் முதலில் பார்ப்பது கையைத்தான். ஒற்றை விரலால் "இந்த இடத்துல" என்று தொட்டுக் காட்டி, அங்கே அமுக்கினால் "ஆ" என்கிறவருக்குப் பெரும்பாலும் விலா, தசை சம்பந்தப்பட்டது. உள்ளங்கையை விரித்தோ, முஷ்டியை மடக்கியோ நடு நெஞ்சில் வைத்துக்கொண்டு, சரியான வார்த்தை கிடைக்காமல் "ஒரு மாதிரி… பாரமா…" என்று இழுக்கிறவரை நான் உடனே படுக்க வைத்துவிடுவேன். நடந்தால் வந்து, நின்றால் விடுகிற வலி. இரண்டு கைக்கும் பரவுகிற வலி. எல்லாரும் இடது கையையே சொல்கிறார்கள், வலது கைக்குப் போனாலும் ஆபத்துதான். தாடை, தொண்டை, மேல் வயிறு. சட்டை நனைகிற வியர்வை, வாந்தி. இதெல்லாம் மார்க்கை ஏற்றும். மூச்சை இழுத்தால் சுருக்கென்று குத்துவது, புரண்டு படுத்தால் மாறுவது, ஒரு நொடி ஊசி குத்தினாற்போல வந்து போவது, இதெல்லாம் இறக்கும். இறக்குமே தவிர அழித்துவிடாது. விலாவை அமுக்கினால் வலிக்கிற ஆளுக்கு மாரடைப்பும் இருந்ததுண்டு.

உங்கள் ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். ஏப்பம் வந்து சரியானதால் அது வாயுதான் என்று முடிவு கட்டாதீர்கள். இதய வலியும் தானாக வந்து தானாகப் போகும், அந்த நேரத்தில் எதைக் குடித்திருந்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். இங்கிலீஷ் வைத்தியத்திலும் இதே கூத்து உண்டு. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்ததும் வலி போனால் 'இதயம்' என்றும், ஜெலுசில் கொடுத்துப் போனால் 'வயிறு' என்றும் முன்பு சொல்வார்கள். இரண்டுமே நம்பத்தகுந்த சோதனை இல்லை. ஆத்தாவுக்கே எப்போதாவது வந்தால் இன்னும் உஷார். வயதான பெண்களுக்கும், நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும். காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குவது, திடீர் வியர்வை, 'வயித்தப் பிரட்டுது'. இவ்வளவுதான் அறிகுறி. ஓமத் தண்ணி கொடுக்கட்டும், தப்பில்லை. கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

உசிலம்பட்டிக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவுக்கு 67 வயது. காலையில் தோட்டத்தில் நெஞ்சு வலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி எடுத்து, கை நிறைய மாத்திரை கொடுத்து, 108-ல் ஏற்றிவிட்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். மறுநாள் மதுரையில் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் சொந்தக்காரர்கள் "அங்கங்க நிறுத்தி நேரத்தை வீணாக்கிட்டாய்ங்க, கார்ல நேரா மதுரைக்குப் போயிருக்கணும்" என்று என்னைக் குற்றம் சொல்கிறார்கள்.
(ஒரு வாசகர், உசிலம்பட்டி வட்டம்)

நீங்கள் செய்தது சரி. சொந்தக்காரர்களுக்கு நானே சொல்கிறேன், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

குழாய் அடைத்த நிமிடத்திலிருந்து தசை செத்துக்கொண்டே இருக்கிறது. ஆஞ்சியோ செய்து அடைப்பைத் திறப்பதுதான் முதல் தரம், ஆனால் கண்டுபிடித்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் அது நடக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து உசிலம்பட்டி வந்து, அங்கிருந்து மதுரைக்கு 40 கிலோமீட்டர் போல ஓட்டி, ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து, ஆஞ்சியோ செய்கிற கேத் லேப் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அது அப்போது காலியாக இருந்து… கூட்டிப் பாருங்கள். அந்த நேரத்துக்குள் முடியாது என்று தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை 30 நிமிடத்துக்குள் போட்டுவிட்டு, ஊசி பலித்தால் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ செய்ய வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நடந்தது அச்சு அசலாக அதுதான். இந்த ஊசி முதல் மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் நன்றாகக் கேட்கும்.

அந்தக் 'கை நிறைய மாத்திரை' ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் மூன்றும்தான். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் இவற்றை வைத்திருக்கிறார்கள். மாத்திரையின் பலம் சின்னதாக இருப்பதால் எண்ணிக்கை கூடிக் கை நிறைகிறது, வேறொன்றுமில்லை. இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம். நெஞ்சு வலி வந்தவன் மதுரை பெரியாஸ்பத்திரி வாசலை மிதித்த பிறகுதான் முதல் மாத்திரையே என்றிருந்த காலத்தைப் பார்த்தவள் நான்.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. மாரடைப்பில் ஆள் போவது பல சமயம் முதல் ஒரு மணி நேரத்தில், இதயத் துடிப்பு தாறுமாறாகி. காரின் பின்சீட்டில் அது நடந்தால் மடியில் படுக்க வைத்துக்கொண்டு அழத்தான் முடியும். அதைவிடக் கொடுமை, வலியோடு தானே டூவீலரை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பது. "நல்லாத்தானே டாக்டர் வந்தேன்" என்பார்கள். அவரை மட்டும் சொல்லி என்ன, ரோட்டில் எதிரே வந்தவர்களுக்கும் அன்றைக்கு நல்ல நேரம்.

வயது 27. ஜிம்மில் பெஞ்ச் பிரஸ் போட்ட மறுநாள் நெஞ்சு வலி. ஈசிஜி எடுத்ததில் மேலே "இயல்புக்கு மாறானது" என்று இங்கிலீஷில் பிரிண்ட் ஆகியிருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். மிஷினை நம்புவதா, டாக்டரையா? தூக்கமே போச்சு.
(ஒரு வாசகர், ஒத்தக்கடை)

டாக்டரை. மிஷின் அளவுகளைப் பார்த்துப் பேசுகிறது, உங்கள் வயதையும் பெஞ்ச் பிரஸ்ஸையும் அதற்குத் தெரியாது. உங்கள் வயசு ஆண்களுக்கு, அதிலும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு, ஈசிஜியில் கோடு லேசாகத் தூக்கியிருப்பது சகஜம், அதைப் பார்த்து மிஷின் அலறும். கை தூக்கினால் வலிக்கிறது, அமுக்கினால் வலிக்கிறது என்றால் தசைதான். புகை பிடிப்பவராக இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் போயிருந்தால், அதை மட்டும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: திடீரென்று ஒரு பக்கம் குத்தி, மூச்சும் வாங்கினால் உடனே போக வேண்டும். ஒல்லியாக உயரமாக இருக்கிற பையன்களுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துகொள்வதுண்டு. நெஞ்சு வலி என்றால் நாங்கள் இதயத்தை மட்டும் பார்ப்பதில்லை. நுரையீரலில் ரத்தக்கட்டி, மகாதமனியின் சுவர் கிழிவது என்று பயப்பட இன்னும் சில இருக்கின்றன. அதனால்தான் இரண்டு கையிலும் பிரஷர் பார்ப்பது, எக்ஸ்ரே எல்லாம்.

என் அம்மா வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்கிறவர். நெஞ்சு பிடிக்கிறது என்று கூட்டிப்போனால் ட்ரோபோனின் பாசிட்டிவ் என்றார்கள். பதறிப்போனோம். பிறகு இரண்டாவது ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஹார்ட் அட்டாக் இல்லை என்கிறார்கள். எதை நம்புவது?
(ஒரு வாசகி, திருமங்கலம்)

இரண்டையும் நம்பலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ட்ரோபோனின் எப்போதுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். அவர்களிடம் ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை, அது நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அது அம்மாவின் வழக்கமான அளவு. 20 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ புதிதாக ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். அந்த இரண்டு எண்களையும் டயாலிசிஸ் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே இருக்கிற டாக்டர் உங்களைக் கும்பிடுவார்.

பழைய ஈசிஜி பேப்பரைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு வருடத்தில் எழுத்தே மங்கிவிடுகிறது. லேமினேஷன் செய்து வைக்கலாமா? பழசு எதற்குத்தான் தேவை?
(ஓய்வு பெற்ற ஆசிரியர், மேலூர்)

ஐயா, லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பெரும்பாலான ஈசிஜி, சூட்டில் கறுக்கிற பேப்பரில் பதிவாகிறது. லேமினேஷன் மிஷினுக்குள் போனால் முழுசும் கறுத்து வெளியே வரும். பிளாஸ்டிக் கவருக்குள் வெகுநாள் வைத்தாலும் மங்கும்.

பழசு எதற்கு என்று கேட்டீர்கள். சிலருக்கு ஈசிஜியில் பல வருடமாகவே ஒரு கோணல் இருக்கும், அவர் அதோடு நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். இடது பக்க மின்பாதை அடைப்பு என்று ஒன்று உண்டு. அது புதிதாக வந்ததா, பழசா என்பதைப் பொறுத்து எங்கள் ஓட்டமே மாறும். ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் சொல்ல உங்கள் பழைய பேப்பரை விட்டால் வேறு சாட்சி கிடையாது. எடுத்த அன்றைக்கே ஜெராக்ஸ் போடுங்கள். போனில் ஒரு படம் எடுத்து, தேதியோடு உங்கள் மகனுக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள். உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. எமர்ஜென்சிக்குள் உங்களைக் கொண்டுவருகிற நேரத்தில் அதன் பாஸ்வேர்டை யார் சொல்வார்கள்?